மெல்போர்ன் போகிறவர்களுக்கு: சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ மெல்போர்ன் போகும் பெரியவர்களில் பலர், திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். சனி, ஞாயிறு பிள்ளைகள் காரில் அழைத்துப்போகும் இடங்களோடு பயணம் முடிந்துவிடுகிறது. அவ்வளவு தூரம் போய் இப்படித் திரும்புவது பெரிய இழப்பு. இந்த நகரத்தின் நல்ல இடங்களில் பலவற்றை நடந்தும் டிராமிலுமே பார்த்துவிடலாம். நிறைய இடங்களில் நுழைவுக் கட்டணமும் கிடையாது. கார் இல்லாமல் போக முடியாதவை மூன்று நான்குதான். அவற்றை வார இறுதிக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் தெம்பாக நீங்களே கிளம்புங்கள். அதற்கு உதவும் குறிப்புகள் இவை.

1. பருவங்கள் அங்கே தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். முதல்முறை போகிறவர்களுக்கு மார்ச், ஏப்ரல்தான் உகந்த மாதங்கள். ஜனவரியில் சில நாட்கள் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூனில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். டிசம்பரிலோ எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

2. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி; மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். வீட்டுக்குப் போன் பேசும்போது நினைவில் இருக்கட்டும்.

3. பெட்டி கட்டும்போதே இதில் கவனம் வையுங்கள். கறிவேப்பிலை, மல்லிகைப்பூ, பழம், காய், விதை, இறைச்சி எதையும் எடுத்துப்போகக் கூடாது. பால்கோவா, பர்ஃபி, ரசகுல்லா போன்ற பால் இனிப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் கோமாரி நோய் கிடையாது. நம் ஊரில் உண்டு. பால், இறைச்சிப் பொருட்கள் வழியாக அது உள்ளே நுழைந்தால் அங்குள்ள மாட்டுப்பண்ணைத் தொழிலே படுத்துவிடும். அந்த அச்சத்தில்தான் இவ்வளவு கெடுபிடி. முறுக்கு, மசாலாப்பொடி, ஊறுகாய், அப்பளம் எது இருந்தாலும், வருகை அட்டையில் உணவுப் பொருள் பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்றே குறியுங்கள். சொல்லிவிட்டால் அதிகாரி பார்த்துவிட்டு அனுமதிப்பார், அல்லது எடுத்துக்கொள்வார். அதற்கு அபராதம் கிடையாது. சொல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் விழலாம். எல்லாப் பண்டத்தையும் ஒரே பையில், மேலாக வைத்தால் திறந்து காட்டச் சுலபம்.

4. தினமும் சாப்பிடும் மாத்திரைகளை அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு எடுத்துப்போகலாம். மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் டாக்டர் சீட்டு கட்டாயம் வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அங்குள்ள அரசு மருத்துவத் திட்டம் பொருந்தாது. மருத்துவச் செலவோ மிக அதிகம். பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பவே வேண்டாம்.

5. அங்கே பிளக் துளைகள் சாய்வாக இருக்கும். நம் பிளக் பொருந்தாது. அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் ஏறக்குறைய நம்முடையதுதான். பொதுக் கழிப்பறைகளில் காகிதம் மட்டுமே இருக்கும். தண்ணீர் வேண்டுமென்றால் சிறிய பாட்டில் ஒன்று கைப்பையில் இருப்பது நல்லது.

6. காலையில் வெயில், மதியம் மழை, சாயங்காலம் குளிர்காற்று என்று ஒரே நாளில் எல்லாம் வரும். தடித்த கோட்டு ஒன்றைவிட, மெல்லிய உடைகளை அடுக்கிப் போடுவதே வசதி: உள்ளே பனியன், மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். புடவை கட்டுபவர்கள் உள்ளே தெர்மல் அணிந்து, சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டால் குளிர் தெரியாது.

7. காற்று குளிர்ந்திருக்கிறதே என்று வெயிலை நம்பிவிடாதீர்கள். அங்கே புற ஊதாக் கதிர்களின் வீரியம் அதிகம். மேகமூட்டத்திலும் தோல் கன்றிப்போகும். சட்டை போடு, சன்ஸ்கிரீன் தடவு, தொப்பி வை என்று சொல்லும் புகழ்பெற்ற பிரசாரம் 1981இல் தொடங்கியது இந்த மாநிலத்தில்தான். மாநிறமான நமக்கும் அது பொருந்தும். இன்னொன்று, அங்கே நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். குளிர்காலத்தில் துணி உலர்த்தவும் உட்கார்ந்து வெயில் காயவும் வீட்டின் வடக்குப் பக்கத்தைப் பிடியுங்கள்.

8. மெல்போர்னுக்கு விமான நிலையங்கள் இரண்டு. வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் இறங்கும் டல்லமரைன், நகரத்திலிருந்து சுமார் 23 கிலோமீட்டர். ஜீலாங் பக்கம் இருக்கும் அவலான் இன்னும் தொலைவு. சிட்னிக்கோ வேறு ஊருக்கோ உள்நாட்டு டிக்கெட் மலிவாகக் கிடைத்தால், எந்த நிலையம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டல்லமரைனுக்கு ரயில் கிடையாது. ஸ்கைபஸ் நேராகச் சதர்ன் கிராஸ் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும்.

9. நகரின் மையப் பகுதிக்குள் டிராம் எல்லோருக்கும் இலவசம். 2015 முதல் இந்த ஏற்பாடு. குயின் விக்டோரியா சந்தை, டாக்லேண்ட்ஸ், பாராளுமன்றம் இருக்கும் ஸ்பிரிங் தெரு, ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையம் இவற்றுக்குள் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் கட்டணமில்லை. இந்த எல்லைக்குள் மைக்கி என்ற பயண அட்டையை இயந்திரத்தில் வைக்காதீர்கள். வைத்தால் பணம் பிடித்துவிடும். எல்லையைத் தாண்டினால் மைக்கி கட்டாயம். செவன் இலெவன் கடைகளில் வாங்கலாம். பலரும் தவறவிடும் இடம் ஆற்றுப் பாலம்தான். ஃபிளிண்டர்ஸ் தெருவிலிருந்து யாரா ஆற்றைக் கடந்தாலே இலவச எல்லை முடிந்துவிடும். பாலத்தை நடந்தே கடக்கலாம், காற்றும் நன்றாக வரும். 35ஆம் எண் டிராம் மையப் பகுதியைச் சுற்றிவரும். மரவேலைப்பாடுள்ள பழைய வண்டி அது. முதல் நாள் அதில் ஒரு சுற்று உட்கார்ந்து வந்தால் ஊரின் அமைப்பு பிடிபட்டுவிடும்.

10. யாரையாவது சந்திக்க வேண்டுமா? ஃபிளிண்டர்ஸ் தெரு நிலைய வாசலில், கடிகாரங்களுக்குக் கீழே நிற்கிறேன் என்று சொன்னால் போதும். அடுத்தடுத்த ரயில்கள் கிளம்பும் நேரத்தைக் காட்டும் கடிகார வரிசை அது. மஞ்சள் நிறக் கட்டடம் 1910இல் முடிந்தது. நாட்டின் முதல் நீராவி ரயில் 1854இல் இந்த இடத்திலிருந்துதான் புறப்பட்டது. எதிரிலேயே ஃபெடரேஷன் சதுக்கம். கழிப்பறை, உட்காரும் இடம், இலவசக் கலைக்கூடம் எல்லாம் அங்கே உண்டு. தனியாகக் கிளம்புகிறவர்கள் இந்த முனையை மையமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது.

11. ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக நேரம் என்றால் ஸ்வான்ஸ்டன் தெருவிலுள்ள மாநில நூலகத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. அந்தப் பணம் பொங்கிய காலத்தில் கட்டி, 1856இல் திறந்தார்கள். உள்ளே 1913இல் எழும்பிய எண்கோண வாசக சாலையைப் பார்க்காமல் வராதீர்கள். கீழே நடுவில் உயரமான மேடை; ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்தபடி நூலகர் அறை முழுவதையும் கண்காணித்தார். மேடையிலிருந்து நாலாபுறமும் கதிர்போல விரியும் நீண்ட மர மேசைகள், ஒவ்வொரு இருக்கைக்கும் பச்சை விளக்கு. அண்ணாந்து பார்த்தால் சுமார் 35 மீட்டர் உயரத்தில் குவிமாடம். மழைநீர் ஒழுகுகிறது என்று 1959இல் கண்ணாடிகளைச் செப்புத் தகட்டால் மூடிவிட்டார்கள். 2003இல் திரும்பத் திறந்த பிறகுதான் வெளிச்சம் மறுபடி உள்ளே வந்தது. லிஃப்டில் ஆறாம் தளத்துக்குப் போய் மேலிருந்தும் பாருங்கள்.

அங்கேயே நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரனின் இரும்புக் கவசம் இருக்கிறது. கலப்பைத் தகடுகளை வளைத்துச் செய்தது. சுமார் 44 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு 1880இல் போலீசோடு மோதினான். அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்த நீதிபதி ரெட்மண்ட் பேரிதான் இந்த நூலகத்தை நிறுவியவர். கெல்லியைத் தூக்கிலிட்ட 12 நாட்களில் பேரியும் இறந்துபோனார். நீதிபதி கட்டிய வீட்டில் கைதியின் கவசம். இந்தக் கதை தெரிந்து பார்த்தால் அந்த இரும்புக்கு முன்னால் நின்றுவிடுவீர்கள். தூக்கு நடந்த பழைய சிறை நூலகத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

12. ஆற்றுக்கு அப்பால், செயின்ட் கில்டா சாலையில் தேசியக் கலைக்கூடம். பொது அரங்குகள் இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட். வாசலில் கண்ணாடிச் சுவர் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். பேரக்குழந்தைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். நேராக உள்ளே போனால் பெரிய மண்டபம். அதன் கூரை முழுவதும் வண்ணக் கண்ணாடி. லெனார்ட் ஃபிரெஞ்ச் என்ற கலைஞர் சுமார் ஐந்து ஆண்டுகள் உழைத்துச் செய்தது. மண்டபத்துத் தரையில் பலர் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். நீங்களும் கூச்சப்படாமல் படுத்துக்கொள்ளலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பிக்காசோவின் 'அழும் பெண்' ஓவியம் 1986இல் இங்கிருந்து திருடுபோய், சில நாட்களில் ஸ்பென்சர் தெரு ரயில் நிலைய லாக்கரில் கிடைத்தது. அந்த நிலையம்தான் இன்றைய சதர்ன் கிராஸ்.

13. காய்கறி வாங்கக் குயின் விக்டோரியா சந்தைக்குப் போங்கள். 1878இல் தொடங்கியது. திங்கள், புதன் பகலில் விடுமுறை. ஞாயிறு மாலை மூடும் நேரத்தில் மிச்சப் பழங்களைக் கூவிக் கூவிக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மாம்பழம், அவகேடோ பெட்டியாகக்கூடக் கிடைக்கும். ஜாம் டோநட் வண்டியில் சூடாக ஒன்று வாங்குங்கள். உள்ளே ஜாம் கொதிக்கும், ஆறவிட்டுக் கடியுங்கள். சந்தையின் ஒரு பகுதி ஊரின் பழைய இடுகாட்டின் மேல் இருக்கிறது. சுமார் 9,000 பேரின் எச்சங்கள் இன்னும் நிலத்தடியில் உள்ளன.

14. காபிக்குப் பேர்போன ஊர். ஃபில்டர் காபி பழகிய நாக்குக்கு ஃபிளாட் ஒயிட் ஒத்துவரும்: எஸ்பிரசோ டிகாக்ஷனில் மெல்லிய நுரையோடு பால். சூடு நமக்குப் போதாது. 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திடம் வேண்டுமென்றால் 'ஸ்ட்ராங்'. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த இத்தாலியர்கள் வளர்த்த பழக்கம் இது. பர்க் தெருவில் 1954இல் தொடங்கிய பெலகிரினி கடை அந்தக் காலத்துச் சாயலோடு இன்றும் நடக்கிறது. பெரும்பாலான காபிக் கடைகள் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கே மூடிவிடும். மற்றக் கடைகளும் பல நாட்களில் ஐந்து, ஆறு மணிக்குள். சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போகலாம் என்ற நம் வழக்கம் அங்கே செல்லாது.

15. 1837இல் ராபர்ட் ஹாடில் நகரத்தை அளந்தபோது பெரிய தெருக்களுக்கு 99 அடி, இடையிலுள்ள சிறு தெருக்களுக்கு 33 அடி அகலம் வைத்தார். கட்டடங்களின் பின்வாசலுக்குச் சாமான் கொண்டுபோகப் பிற்பாடு சந்துகள் உருவாயின. இன்று அந்தச் சந்துகள்தான் நகரத்தின் அழகு. சுவர் ஓவியங்களுக்கு ஹோசியர் சந்து, சாப்பிட டிக்ரேவ்ஸ் தெரு, மழை வந்தால் ஒதுங்க 1870இல் திறந்த ராயல் ஆர்கேட். மூன்றும் ஒரு முற்பகல் வேலை.

16. கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு எம்சிஜி மைதானம் கோயில் மாதிரி. 1877இல் உலகின் முதல் டெஸ்ட், 1971இல் முதல் ஒருநாள் ஆட்டம் இரண்டும் இங்கேதான் நடந்தன. ஆட்டம் இல்லாத நாட்களில் வழிகாட்டியோடு சுற்றிப்பார்க்கலாம். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 2022 அக்டோபர் 23 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான டி20 உலகக் கோப்பை ஆட்டம் நினைவிருக்கும். கடைசி ஓவரில் தினேஷ் கார்த்திக் ஸ்டம்பிங் ஆக, ஒரு பந்துக்கு இரண்டு ரன் என்ற நிலையில் அஸ்வின் உள்ளே வந்தார். கால்பக்கம் போன பந்தை அசையாமல் விட்டார், அது வைடு. அடுத்த பந்தை மிட் ஆஃப் தலைக்கு மேல் தூக்கிவிட்டு ஜெயித்துக் கொடுத்தார். அந்தப் பந்தைச் சந்தித்த மண் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே போகலாம். ஃபெடரேஷன் சதுக்கத்திலிருந்து ஆற்றோரமாகக் கால் மணி நேர நடை.

17. இன்னும் நேரம் இருந்தால்: 1901இல் ஆஸ்திரேலியாவின் முதல் நாடாளுமன்றம் கூடிய ராயல் எக்ஸிபிஷன் கட்டடம், அதன் பக்கத்திலேயே மெல்போர்ன் அருங்காட்சியகம், அதில் பூர்வகுடிகளின் வரலாறு சொல்லும் புஞ்சிலாகா கூடம், 38 ஹெக்டேர் ராயல் தாவரவியல் பூங்கா, அதை ஒட்டிய போர் நினைவுச்சின்னம். நினைவுச்சின்னத்தின் மாடியிலிருந்து நகரம் முழுவதும் தெரியும், அதுவும் இலவசம்.

18. 'வெஜிடேரியன்' என்றால் அங்கே முட்டை இருக்கலாம். தாய், வியட்நாமியக் கடைகளில் காய்கறி உணவிலும் மீன் சாஸ் சேர்ப்பது சகஜம். 'முட்டை வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம்' என்று பிரித்துச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். மனிதர் நுழையத் தடையுள்ள மலைக்காடுகளிலிருந்து வருவது அது. பாட்டில் தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

19. பஃபிங் பில்லி நீராவி ரயிலுக்கும் கார் வேண்டாம். நகரத்திலிருந்து பெல்கிரேவ் வரை மின்சார ரயில். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கே இறங்கித் தரையில் வரைந்த நீலக் கோட்டைப் பிடித்து நடந்தால் சின்ன ரயில் நிலையம் வந்துவிடும். 1900இல் ஓடத் தொடங்கிய பாதை இது. 1953 மண்சரிவுக்குப் பின் கைவிட்டார்கள். தன்னார்வலர்கள் உழைத்து மீட்டார்கள். பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போகலாம். வழியெல்லாம் யூகலிப்டஸ் வாசனை. ஊட்டியில் நாம் பார்க்கும் நீலகிரித் தைல மரத்துக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் இந்தத் தென்கிழக்குப் பகுதிதான். டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

20. பஃபிங் பில்லி ஓடும் மலையின் அடிவாரத்தில், பேசின் என்ற ஊரில் வக்ரதுண்ட விநாயகர் கோயில் இருக்கிறது. பிள்ளைகள் காரில் வரும் நாளாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில். விசேஷ நாளில் போனால் ஊர்க்காரர்கள் யாராவது கண்ணில் பட்டுவிடுவார்கள்.

21. இனி கார் வேண்டியவை. முதலில் ஃபிலிப் தீவின் பென்குவின்கள். நகரத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். ஒரு பென்குவின் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் உயரம், ஒரு கிலோ எடை. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, இருட்டியதும் கூட்டங்கூட்டமாகக் கரையேறும். கொஞ்சம் ஓடும், பயந்து திரும்பித் தண்ணீருக்கே போகும், மறுபடி சேர்ந்து வரும். பார்வையாளர் நடைபாதைக்குக் கீழேயே நடந்து வளைக்குள் நுழையும். படம் எடுக்கத் தடை. போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். கோடையில்கூடக் கடற்காற்று எலும்பைத் துளைக்கும், கம்பளி எடுத்துப்போங்கள். கோடையில் அவை கரையேற ஒன்பது மணி ஆகிவிடும், பேரப்பிள்ளைகளை மதியமே தூங்கவையுங்கள்.

பென்குவின் வளைகளின் மேல் ஒரு காலத்தில் வீட்டுமனைகள் இருந்தன. விக்டோரியா அரசு 1985இல் தொடங்கி 2010 வரை அந்தக் குடியிருப்பு முழுவதையும் விலைகொடுத்து வாங்கி, வீடுகளை அகற்றி, நிலத்தைப் பறவைகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. நான் கேள்விப்பட்ட அரசாங்கக் காரியங்களில் மனதுக்கு மிகவும் பிடித்தது இது. திரும்பும்போது காரைக் கிளப்பும் முன் அடியில் குனிந்து பாருங்கள், பென்குவின் ஒதுங்கியிருக்கலாம்.

22. கிரேட் ஓஷன் சாலை 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், மாண்ட தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் கட்டியது. ஒரே நாளில் போய்த் திரும்பினால் வண்டிக்குள்ளேயே பொழுது போய்விடும். அப்பல்லோ பேயில் ஒரு இரவு தங்குங்கள். கடலுக்குள் நிற்கும் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' பாறைகளைக் காலையிலோ மாலையிலோ பாருங்கள், பாறை பொன்னிறமாகும். 2005இல் ஒன்று சரிந்துபோனது. திரும்பும்போது கோலாக் வழியாக உள்நாட்டுச் சாலையில் வந்தால் வளைவுகள் குறைவு, வயிறு புரட்டாது.

23. கடலில் கால் நனைக்கவும் எல்லை உண்டு. சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டுமே இறங்குங்கள். கொடி இல்லாத கடற்கரையில் காவலர் இல்லை என்று அர்த்தம். இழுப்பு நீரோட்டம் நன்றாக நீந்துபவரையும் கொண்டுபோகும்.

24. மைக்கியின் ஒரு நாள் உச்சக் கட்டணம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். 2023இல் வந்த சலுகை. அதே காசில் வி லைன் ரயிலேறி, பல்லாரட்டுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்வரலாம். அங்கே சாவரின் ஹில் என்ற தங்கவேட்டைக் கால ஊரில் ஓடைமணலை அலசிப் பொன் தேடலாம். கிடைத்த துகள் உங்களுக்கே.

25. நடக்கும்போதும் கார் ஓட்டும்போதும்: தெரு நடுவில் டிராம் நின்று கதவு திறந்தால் பின்னால் வரும் கார்கள் நிற்க வேண்டும். நகர மையத்தில் சில சந்திகளில் வலதுபக்கம் திரும்பும் கார் இடது ஓரத்தில் காத்திருந்து திரும்பும். பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். ஏழு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம்.

26. பல பூங்காக்களில் மின்சார அடுப்பு இலவசம், பொத்தானை அழுத்தினால் தட்டு சூடாகும். இறைச்சி சுட்ட தட்டு என்று தயங்குபவர்கள் அலுமினியத் தாளை விரித்துக்கொண்டு பனீர், சோளம், குடமிளகாய் வாட்டலாம். யாரா பெண்ட் பூங்காவின் பெல்பேர்ட் பகுதிக்கு அந்தி நேரத்தில் போனால், ஆற்றோர மரங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் கிளம்புவதைக் காணலாம்.

27. அவசரத்துக்கு 000. அவசரமில்லாத உடல்நலக் கேள்விக்கு 24 மணி நேரமும் செவிலியர் பேசும் எண் 1300 60 60 24. ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மூன்றையும், பிள்ளைகளின் வீட்டு முகவரியையும் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.

28. ஊர் திரும்புமுன்: ஒரே வியாபாரியிடம் 300 டாலருக்கோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால், 60 நாட்களுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்புபவருக்கு ஜிஎஸ்டி வரி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். பணம் நீங்களே செலுத்தியிருக்க வேண்டும். மகன் கார்டில் வாங்கியதற்குக் கிடைக்காது. வரி பில், பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், வாங்கிய பொருள் நான்கும் கையில் வேண்டும். பெரிய பெட்டியில் போகும் பொருளை, பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே எல்லைப் படை அலுவலகத்தில் காட்டிவிடுங்கள். விமானம் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது வரிசை மூடிவிடும்.